சுவரில் விழும் கோடு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, பாரிஸை அடுத்த எவ்ரி நகரத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. ரொட்டிக்கடை வாசலில் நாலு பேர், நாயோடு ஒரு கிழவர், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்துத்தான் பாய்ந்து பழகும் பையன்கள் வருவார்கள். ‘லே பிரமித்’ குடியிருப்பில் ஒரு படிக்கட்டின் கீழே ஒரு கான்கிரீட் சுவர் இருக்கிறது. ஓர் ஆள் உயரம், அதற்கு மேல் இரண்டு சாண். அதற்கு எதிரே இரண்டரை மீட்டர் தள்ளி முழங்கால் உயரத்தில் ஒரு திட்டு. திட்டிலிருந்து பாய்ந்து சுவரின் விளிம்பைக் கையால் பற்ற வேண்டும். பாதங்கள் அதற்கு ஒரு நொடிப் பங்கு முன்னாலேயே சுவரைத் தொட்டிருக்க வேண்டும். இங்கே இதை ‘சோ த ப்ரா’ என்கிறார்கள். கைப்பாய்ச்சல். முட்டி முதலில் போய் மோதினால் இரண்டு வாரத்துக்கு மாடிப்படி ஏற முடியாது.

இருபத்திரண்டு வயதில் இந்தச் சுவரில் பழக ஆரம்பித்தேன். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். காலையில் முதல் அரைமணி நேரம் பையன்களோடு பாய்கிறேன். பிறகு திட்டில் உட்கார்ந்து அவர்களை வரைகிறேன். கட்டட நிறுவனம் ஒன்றில் வரைபடம் போடுவது என் பிழைப்பு. அங்கே கோடு அளவுகோலுக்குக் கட்டுப்பட்டது. இங்கே கோட்டுக்குக் கிடைப்பது அரை நொடி. அந்த அரை நொடிக்குள் ஓர் உடம்பு காற்றில் மடிந்து, விரிந்து, சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. பதினைந்து வருஷமாக வரைகிறேன். மனசுக்குச் சரியென்று பட்ட படங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

பார்க்கூர் என்ற இந்தத் தாண்டும் கலையைப் பழகுகிறவனைப் பிரெஞ்சில் ‘த்ராசர்’ என்பார்கள். ‘த்ராசே’ என்றால் கோடு போடுவது, தடம் இடுவது. தெருப் பேச்சில் அதே சொல்லுக்கு வேகமாக ஓடிப்போவது என்றும் பொருள் உண்டு. ஓடுகிறவனுக்கும் கோடு போடுகிறவனுக்கும் ஒரே பெயர். பல வருஷம் இதை ஒரு சொல்விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். இந்தக் கலையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, தாண்டும் உடம்பும் அதை வரையும் கோடும் ஏறக்குறைய ஒரே முற்றத்தில் வளர்ந்தவை. அந்த முற்றம் பாரிஸின் மேற்கு ஓரத்தில், புலோஞ் காட்டில் இருந்தது.

எத்தியேன்-ழூல் மரே என்று ஒரு மருத்துவர். 1830-இல் போன் என்ற ஊரில் பிறந்தவர். உடம்புக்குள் நடப்பதைக் கண்ணால் பார்த்துச் சொன்னால் போதாது, அந்த உடம்பே எழுதிக் காட்ட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். நாடித் துடிப்பை எழுத ஒரு கருவி செய்தார். புகைக்கரி படிந்த தாள் நகர்ந்துகொண்டே இருக்கும். நாடி துடிக்கும்போது நெம்புகோலின் முனை ஆடி, கரியைச் சுரண்டிக் கோடு போடும். கறுப்பில் வெள்ளைக் கோடு. அதே வழியில் ஓட்டத்தையும் எழுதப் பார்த்தார். அடியில் காற்றறை வைத்த செருப்புகள் செய்தார். பாதம் தரையை அழுத்தினால் உள்ளிருக்கும் காற்று ரப்பர்க் குழாய் வழியே மேலே வந்து ஓர் ஊசியைத் தள்ளும். அந்த ஊசியும் தாள் சுற்றிய உருளையும் கொண்ட பெட்டியை ஓடுகிறவனே கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். 1873-இல் வெளிவந்த அவருடைய ‘விலங்கு இயந்திரம்’ என்ற நூலில் அந்தப் படம் இருக்கிறது: காலில் குழாய், கையில் உருளை, ஓடுகிற ஒருவன்.

நூலகத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பிய அன்று வெகுநேரம் நகராமல் உட்கார்ந்திருந்தேன். அவன் ஓடுகிறான், அவன் ஓட்டத்தை அவன் காலே எழுதுகிறது. நான் பார்த்த முதல் த்ராசர் அவன்தான்.

1882-இல் பாரிஸ் நகரமும் அரசும் மரேக்குப் புலோஞ் காட்டருகே ஓர் இடம் கொடுத்தன. ‘உடலியல் நிலையம்’ என்று அதற்குப் பெயர். வட்டமான ஓடுபாதை, ஓரமாக ஒரு கொட்டகை, கொட்டகைக்குள் முழுக்க இருட்டு. அந்த இருட்டுக்கு முன்னால் வெள்ளை உடுத்திய ஆள் ஓடுவான், தாண்டுவான். புகைப்படக் கருவியின் கண் மூடி மூடித் திறக்கும். ஒரே கண்ணாடித் தகட்டில் அவன் பத்து இடத்தில் விழுவான். ஆனால் மெதுவாக நகர்ந்தால் ஒரு படத்தின் மேல் இன்னொன்று ஏறிக் குழம்பிவிடும். மரே கண்டுபிடித்த வழி எனக்கு இன்றும் வியப்பு. உடம்பை மறைத்துவிட்டார். தலைமுதல் கால்வரை கறுப்பு உடை. அதன்மேல் கை, கால்களின் நீளத்துக்கு வெள்ளைப் பட்டை. மூட்டுகளில் மின்னும் பொட்டு. தகட்டில் சதை விழாது. தோள் முதல் முழங்கை வரை ஒரு கோடு, இடுப்பு முதல் முட்டி வரை ஒரு கோடு, அவ்வளவுதான் விழும். பாய்கிற ஒருவன், விசிறி மடிப்பு விரிவதுபோலக் கோடு கோடாக விரிந்து கிடப்பான்.

ஓவியம் படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற குச்சி மனிதன் இருக்கிறானே, அவனுக்கு உண்மையான உடம்பு இருந்தது, அவன் உண்மையாகவே தாண்டினான் என்பதற்கு அந்தத் தகடுகள் சாட்சி. அவற்றைப் பார்த்தவர்களில் மார்செல் துய்ஷாம்ப் ஒருவர். 1912-இல் அவர் வரைந்த, படியிறங்கும் நிர்வாண உருவத்தின் ஓவியத்தில் அந்தக் கோடுகளின் சாயல் இருக்கிறது. அதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

குளிர்காலமானால் மரே நேப்பிள்ஸ் நகருக்குப் போய்விடுவார். நிலையத்தை நடத்தியவர் உதவியாளர் ழோர்ழ் தெமெனி. பல தகடுகளில் ஓடுகிறவரும் தாண்டுகிறவரும் அவரேதான். மற்றவர்கள் ழுவான்வில் உடற்பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த சிப்பாய்கள். ராணுவத்துக்கு இதில் அக்கறை இருந்ததற்குக் காரணம் உண்டு. 1870-இல் ஜெர்மானியர்களிடம் பிரான்ஸ் தோற்றிருந்தது. மூட்டையோடு நடக்கும் சிப்பாய் எந்த நடையில் குறைவாகக் களைப்பான், எந்தக் கோணத்தில் இறங்கினால் முட்டி தாங்கும் என்பதெல்லாம் அப்போது நாட்டுக் கவலைகள்.

அந்த நிலையம் இன்று இல்லை. அந்த இடத்தை ரோலான் காரோஸ் டென்னிஸ் அரங்கம் விழுங்கிவிட்டது. தேடிக்கொண்டு ஒருநாள் போனேன். வேலியும் நுழைவுச்சீட்டு வாயிலும்தான் கண்ணில் பட்டன. பெரிய வருத்தத்தோடு திரும்பினேன்.

வருத்தத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. 1895-இல் பாரிஸில், ஷாம் த மார்ஸ் திடலில், மேற்கு ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து கிராமம் மாதிரி செட் போட்டுக் குடியமர்த்திக் கண்காட்சி நடத்தினார்கள். டிக்கெட் வாங்கி மனிதர்களைப் பார்க்கிற கண்காட்சி. ஃபெலிக்ஸ் ரெனோ என்ற மருத்துவர் அங்கே போய் அவர்களை மரேயின் முறையில் படம்பிடித்தார். நடப்பது, ஓடுவது, தலைச்சுமையோடு போவது, மரமேறுவது, மண்பானை வனைவது. ஐரோப்பியர்கள் விறைத்து நடக்கிறார்கள், இவர்கள் முட்டியை மடக்கித் தழைந்து நடக்கிறார்கள், இதில் களைப்புக் குறைவு என்று கண்டார். பிரெஞ்சுச் சிப்பாய்களுக்கு அந்த மடக்கு நடையைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ராணுவ அதிகாரி ஒருவரோடு சேர்ந்து புத்தகமே எழுதினார். கற்றுக்கொடுத்தவர்கள் யார்? பெயர் கிடையாது. இன்ன இனம், ஆண், பெண் என்று குறிப்பு இருக்கும், பெயர் இருக்காது.

நான் புதுச்சேரிக்காரன். என் அம்மாவைப் பெற்ற தாத்தா சைகோனில் போலீஸ் வேலை பார்த்தவர். பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவை ஆண்ட காலத்தில் எங்கள் ஊரிலிருந்து அங்கே போனவர்கள் ஏராளம்: சிப்பாய்கள், எழுத்தர்கள், வரி வசூலிப்பவர்கள், காவலர்கள். ஓய்வு பெற்று வந்து பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாயை எங்கள் பக்கம் ‘சொல்தா’ என்போம். முத்தியால்பேட்டை வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் படம் ஒன்று மாட்டியிருந்தது. சைகோன் ஸ்டுடியோவில் எடுத்தது. தொப்பி, பட்டி கட்டிய கால், கழி விழுங்கியதுபோன்ற நேர்நிற்பு. யாரோ ஒருவர் அவரை அப்படி நிற்கச் சொல்லிப் பழக்கியிருக்கிறார். பெயரில்லாத அந்த ஆப்பிரிக்கர்களின் நடையைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தாவின் நிற்பு நினைவுக்கு வரும்.

தெமெனி 1894-இல் மரேயோடு பிரிந்தார். 1902 முதல் சில ஆண்டுகள் ழுவான்வில் பள்ளியில் உடலியல் சொல்லிக்கொடுத்தார். தகடுகளைப் பார்த்துப் பார்த்து அவர் தெரிந்துகொண்டது இது: நல்ல அசைவு வெட்டி வெட்டி நிற்பதில்லை. வளைந்து, ஒன்றுக்குள் ஒன்று வழிந்து போகிறது. அந்தக் காலத்தில் பள்ளிகளில் ஓங்கியிருந்த ஸ்வீடன் முறை இதற்கு நேர்மாறானது. கையை நீட்டு, நிறுத்து, மடக்கு, நிறுத்து.

அதே 1902-ஆம் ஆண்டு மே 8 அன்று மார்ட்டினிக் தீவில் பெலே எரிமலை வெடித்தது. சேன் பியேர் ஊர் சில நிமிஷத்தில் சாம்பலானது. இருபத்தெட்டாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கரையோரத்தில் மிஞ்சியவர்களை மீட்கப் போன கடற்படையினரில் ழோர்ழ் எபேர் என்ற இளம் அதிகாரி ஒருவர். சுமார் 700 பேரைக் கரைசேர்த்த பணியில் அவருக்குப் பங்கு உண்டு என்பார்கள். ஆபத்து வந்தபோது யாரால் ஓட முடிந்தது, யாரால் சுவர் தாண்ட முடிந்தது, யார் உறைந்து நின்றார்கள் என்பது அவர் மனசில் தங்கிவிட்டது. பயனுள்ளவனாக இருப்பதற்காக வலுவாக இரு என்பது பிறகு அவர் தமக்கு வகுத்துக்கொண்ட வாசகம்.

எபேர் வகுத்த ‘இயற்கை முறை’யில் பத்துவகை அசைவுகள். நடத்தல், ஓடல், நாலு கால் நடை, ஏறல், தாண்டல், சமநிலை, எறிதல், தூக்கல், தற்காப்பு, நீச்சல். வளைந்து தொடரும் அசைவு என்ற எண்ணத்தில் தெமெனியின் பாதிப்பு தெரியும். இன்னொரு பக்கம், கப்பலில் போன நாடுகளில் தாம் கண்ட மனிதர்களின் உடல் வளத்தை எபேர் புகழ்ந்து எழுதினார். வாத்தியாரே இல்லாமல் வாழ்க்கையே அவர்களைப் பழக்கியிருக்கிறது என்று வியந்தார். புகழ்ச்சி உண்மையானது என்றே நம்புகிறேன். ஆனால் புகழப்பட்டவர்களின் பெயர் அங்கேயும் இல்லை.

1913-இல் ரேம்ஸ் நகரில் எபேருக்காக ஒரு பயிற்சிக் கல்லூரி எழுந்தது. மறு ஆண்டே போர். கல்லூரி அழிந்தது, எபேருக்கும் காயம். ஆனால் முறை ராணுவத்துக்குள் போய்ச் சேர்ந்தது. தடைகளை வரிசையாக வைத்து, ஏறித் தாண்டித் தவழ்ந்து கடக்கும் பயிற்சிப் பாதைக்குப் ‘பார்கூர் து கோம்பத்தான்’, போர்வீரனின் பாதை, என்று பெயர் வந்தது. பார்க்கூர் என்ற சொல்லின் தாய் இதுதான்.

இனி வருகிற மனிதரைப் பற்றி எழுதும்போது எனக்குப் பேனா மெதுவாகிறது. ரேமோன் பெல். 1939-இல் வியட்நாமின் ஹுவே நகரில் பிறந்தவர். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா வியட்நாம்காரர். போர்க் குழப்பத்தில் குடும்பம் சிதறி, ஏழு வயதில் தலாத் ஊரின் ராணுவ அநாதை விடுதியில் போய் விழுந்தார். அங்கே பிள்ளைகளையும் சிப்பாய்கள் மாதிரித்தான் பழக்கினார்கள். அவருடைய மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்: மற்றவர்கள் தூங்கிய பிறகு ரேமோன் எழுந்து போய்த் தனியாகத் தடைப் பாதையில் ஓடுவாராம், மரங்களில் ஏறுவாராம். வலுவில்லாத பிள்ளைக்கு அங்கே நாதி இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பிள்ளை இருட்டில் ஓடிக்கொண்டிருந்த வருஷங்களில் என் தாத்தா அதே நாட்டில், சைகோன் தெருவில், பட்டி கட்டிய காலோடு ரோந்து போய்க்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்திருக்க வழியில்லை. ஆனால் இரண்டு பேரின் நடையும் ஒரே கையேட்டிலிருந்து வந்தது. 1954-இல் தியென் பியென் ஃபூவில் பிரான்ஸ் தோற்றது. ரேமோனைக் கப்பலேற்றி பிரான்சுக்கு அனுப்பினார்கள். தாத்தா முத்தியால்பேட்டைக்கு வந்தார். அதே ஆண்டு நவம்பரில் புதுச்சேரியும் கைமாறியது.

பத்தொன்பது வயதில் ரேமோன் பாரிஸ் தீயணைப்புப் படையில் சேர்ந்தார். பாரிஸில் அது ராணுவப் பிரிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமோரோஸ் என்ற ஸ்பானியர் பாரிஸில் உடற்பயிற்சிக்கூடம் நடத்திய காலத்திலிருந்தே பயிற்சி அந்தப் படையில் ஒரு மரபு. இன்றைக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் 2.40 மீட்டர் உயரத்தில் ஒரு பலகை இருக்கும். தீயணைப்பு வீரன் முழு உடையோடு அதில் தொங்கி, கை ஊன்றி, உடம்பை மேலே ஏற்றி நிற்க வேண்டும். 1895 முதல் இருக்கும் வழக்கம். தளம் உடைந்து தொங்கும் நிலை வந்தால் மேலே ஏறித் தப்பிக்க முடிகிறதா என்று பார்க்கும் சோதனை. அதற்குப் ‘ப்ளான்ஷ்’ என்று பெயர். எங்கள் சுவரில் கைப்பாய்ச்சலுக்குப் பிறகு மேலே ஏறுவதற்கும் பையன்கள் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள்: ப்ளான்ஷ். ஒரு சொல் எப்படியெல்லாம் பயணம் போகிறது.

ரேமோன் கயிறேறுவதில் படையின் சாம்பியன். 1969 ஜனவரி 19, ஞாயிறு காலை, பாரிஸ்காரர்கள் நிமிர்ந்து பார்த்தபோது நோத்ர்-தாம் தேவாலயத்தின் கூர்முனையில் வியட்நாம் விடுதலை முன்னணியின் கொடி பறந்தது. இரவில் சுவிட்சர்லாந்து இளைஞர்கள் மூன்று பேர் ஏறிக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தரையிலிருந்து கூர்முனைக்கு 96 மீட்டர். அதை எடுக்க ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறக்கப்பட்டவர் ரேமோன் பெல். வியட்நாமில் பிறந்தவர், வியட்நாம் தாய்க்குப் பிறந்தவர், வியட்நாம் கொடியை இறக்கினார். அந்த நேரம் அவர் மனசில் என்ன ஓடியது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இந்தக் காட்சியை வரையவும் முயன்றேன். கயிறு வந்துவிடுகிறது, ஆள் வந்துவிடுகிறார். முகம் மட்டும் காலியாகவே நின்றுவிடுகிறது. அந்தக் கூர்முனை 2019 ஏப்ரல் 15 அன்று தீயில் சாய்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அவசரமாகப் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். படம் அப்படியே இருந்தது.

அவருடைய மகன் டாவிட் பெல், 1973-இல் நார்மண்டியில் பிறந்தவர், பதின்வயதில் லீஸ் என்ற ஊருக்கு வந்தார். எவ்ரியை ஒட்டிய ஊர். பாரிஸைச் சுற்றி அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அரசு கட்டிய ‘புது நகரங்களில்’ ஒன்று எவ்ரி. கார்கள் கீழே, மனிதர்கள் மேலே என்று பிரித்து, கான்கிரீட் மேடைகள், பாலங்கள், படிக்கட்டுகள், அடுக்கு மாடங்கள் என்று கட்டினார்கள். அந்திரோவும் பாராவும் வடிவமைத்த ‘பிரமித்’ கட்டடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மாடம், ஒரு மாடத்துக்குக் கீழே இன்னொரு மாடம். குடியிருப்பவர்களுக்காகக் கட்டியவை. ஆனால் ஓர் ஏணியின் படிகள்போல அவற்றைப் பார்க்கும் கண் பதினைந்து வயதுப் பையனுக்குத்தான் வரும்.

அந்தப் பக்கத்து ஏரிக்கரையில் ஒரு சிற்பம் இருக்கிறது. ‘ஏரிச் சீமாட்டி’ என்று பெயர். ஹங்கேரியில் பிறந்த சிற்பி பியேர் செக்கெலி 1975-இல் கான்கிரீட்டில் எழுப்பியது. 17 மீட்டர் உயரம். மற்றச் சிற்பங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம்; இதை ஏறுவதற்கென்றே செய்தார்கள். டாவிட்டும் அவர் நண்பர்களும் இதில்தான் வளர்ந்தார்கள். நான் முதன்முறை போனபோது சுற்றிலும் வேலி, ஏறக்கூடாது என்ற பலகை. வேலிக்கு வெளியே நின்று ஒரு மாலை முழுக்க வரைந்தேன். வெறும் கான்கிரீட்தான், ஆனால் எங்கே கை போகும், எங்கே கால் போகும் என்பது தன்னால் தெரிந்தது.

1997-இல் தீயணைப்பு வீரர்களின் பொது நிகழ்ச்சி ஒன்றில் டாவிட்டும் நண்பர்களுமாக ஒன்பது பேர் தங்கள் பாய்ச்சல்களைச் செய்து காட்டினார்கள். குழுவுக்கு யமகாசி என்று பெயர். லிங்காலா மொழியில் உடல் வலு, மன வலு என்று பொருள். டாவிட் பெல், செபாஸ்தியேன் ஃபூக்கான், யான் நோத்ரா, சாவ் பெல் தின், வில்லியம்ஸ் பெல், லொரான் பியெமொந்தேசி, மாலிக் தியூஃப், ஷார்ல் பெரியேர், கிலேன் ந்குபா-பொயேக்கே. இந்தப் பெயர்களை வேண்டுமென்றேதான் முழுசாக எழுதுகிறேன். ரெனோவின் படங்களில் பெயரில்லாமல் ஓடியவர்களுக்கும் இவர்களுக்கும் நடுவே நூறு வருஷம். வியட்நாமிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இவர்களில் பலர். அளந்து பார்க்கப்பட்ட உடம்புகளின் வழி வந்தவர்கள், அந்த அளவையிலிருந்து பிறந்த பயிற்சியைத் திரும்ப எடுத்து, தங்கள் ஊர்ச் சுவரில் வைத்துத் தங்களுடையதாக்கினார்கள். எனக்கு இந்தக் கதையில் மிக நெருக்கமான இடம் இது.

‘பார்க்கூர்’ என்று எழுத்தை மாற்றி வைக்க 1998-இல் யோசனை சொன்னவர் நடிகர் உய்பேர் கூந்தே. ‘இடப்பெயர்ச்சிக் கலை’ என்றே சொல்கிறவர்களும் உண்டு. பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2001-இல் யமகாசி படம், 2004-இல் ‘பன்லியூ 13’, 2006-இல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஃபூக்கான் பாரந்தூக்கியின் உச்சியில் ஓடுவது. இணையக் காணொளிகள் வந்து உலகத்தையே தாண்ட வைத்தன. 2017-இல் பிரிட்டன் இதை விளையாட்டாக அங்கீகரித்தது. 2022-இல் டோக்கியோவில் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பு உலகப் போட்டி நடத்தியது. போட்டியில் மதிப்பெண் போடுகிறார்கள். எங்கள் சுவரில் மதிப்பெண் கிடையாது. இறங்கும் ஓசைதான் அளவு. சத்தம் குறைந்தால் நன்றாக இறங்கியிருக்கிறான்.

வரைவதற்கு வருகிறேன். காணொளியை நிறுத்திவைத்துப் பார்த்து வரைந்தால் என்ன என்று பலர் கேட்பார்கள். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். கை சரியாக இருக்கும், கால் சரியாக இருக்கும், ஆள் மட்டும் ஆணியில் மாட்டிய சட்டைபோலத் தொங்குவான். ஏன் என்று எனக்கு விளங்கவைத்தவர் சிற்பி ரோதேன். 1911-இல் வந்த உரையாடல் நூலில் அவர் இந்த வழக்கை நடத்துகிறார். குதிரை ஓட்டத்தைப் புகைப்படம் பிடித்துக் காட்டிய பிறகு, 1821-இல் ழெரிக்கோ வரைந்த எப்சம் பந்தயக் குதிரைகள் தப்பு என்று எல்லாரும் சொன்னார்கள். நாலு காலையும் ஒரே நேரத்தில் நீட்டிப் பறக்கும் குதிரைகள் அவை. எந்தக் குதிரையும் அப்படி ஓடாது. ரோதேன் ழெரிக்கோவின் பக்கம் நின்றார். காலம் நிற்பதில்லை, அதனால் நிறுத்திக் காட்டும் புகைப்படம்தான் பொய், ஓவியன் சொல்வது மெய் என்பது அவர் வாதம். அவருடைய நடக்கும் யோவான் சிலையில் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்திருக்கும். நடக்கிற எவனும் அப்படி நிற்பதில்லை. ஆனாலும் அவர் நடக்கிறார். பின்காலில் முந்தின நொடி இருக்கிறது, முன்காலில் அடுத்த நொடி இருக்கிறது.

ரோதேன் தாளில் வரைந்ததற்கும் ஒரு கதை உண்டு. 1906 ஜூலையில் கம்போடிய அரசர் சிசொவாத்தோடு அரண்மனை நடனப் பெண்கள் பாரிஸ் வந்தார்கள். ஆடிய இடம் புலோஞ் காட்டின் ப்ரே கத்தலான் பூங்கா. மரேயின் நிலையம் இருந்த அதே காடு. அறுபத்தைந்து வயது ரோதேன் பார்த்தார், மயங்கினார், மார்செய் வரை பின்னாலேயே போனார். தாள் தீர்ந்துபோய் மளிகைக் கடையில் பொட்டலத் தாள் வாங்கி வரைந்தார் என்று சொல்வார்கள். ஏறக்குறைய 150 படங்கள். தாளைப் பார்க்காமல், ஆடுகிற உடம்பிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரே ஓட்டமாகக் கோடு. விரல்கள் ஐந்தா ஆறா என்ற கணக்கெல்லாம் இல்லை. மணிக்கட்டு மடிகிற இடத்தில் கோடும் மடிகிறது.

ரோதேனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்: தாளைப் பார்க்காதே. 4பி பென்சில், மட்டமான தாளில் தைத்த நோட்டு. நல்ல தாள் என்றால் கை தயங்கும். பையன் ஓடிவரும்போதே என் மூச்சு அவனோடு சேர்ந்துகொள்ளும். அவன் கால் திட்டை உதைக்கும் நொடியில் பென்சில் தாளில் இறங்கும். முதலில் போடுவது ஒரே கோடு: உதைத்த பெருவிரலிலிருந்து, இடுப்பு வழியாக, சுவரை நோக்கி நீளும் விரல்நுனி வரை. மரேயின் வெள்ளைப் பட்டைகளில் நான் முதலில் தேடுவதும் அந்தக் கோட்டைத்தான். பிறகு பாரம். பாரம் எங்கே இருக்கிறது, எங்கே போகிறது என்பது மட்டும். முகம், உடை, சுவரின் ஓட்டை உடைசல் எல்லாம் மிஞ்சிய நேரத்தில்.

இதில் ஒன்றை அனுபவத்தில் கண்டேன். நான் பழகாத பாய்ச்சலை என்னால் வரைய முடியவில்லை. முட்டி வலியால் ஆறு மாசம் பாயாமல் இருந்தபோது வரைந்த படங்களில் ஆள்கள் எல்லாரும் கனமில்லாமல் மிதக்கிறார்கள். திரும்பப் பாய ஆரம்பித்த வாரத்தில் கோட்டுக்கு எடை வந்துவிட்டது. விளிம்பைப் பற்றும்போது உள்ளங்கை எரிவதும், தோள்பட்டை ஒரு இழுப்பு இழுபடுவதும் தெரிந்த கைதான் அந்த இடத்தில் பென்சிலை அழுத்துகிறது. மறுபக்கமும் நடந்தது. பின்கால் எப்போதும் தாமதமாக மேலே வருவதை என் படங்களில்தான் முதலில் பார்த்தேன். பிறகு என் பாய்ச்சலிலும் அதே தாமதம் இருப்பது தெரிந்து திருத்திக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பையன் ஒருவன் எங்களோடு வருகிறான். பதினேழு வயது. பிரெஞ்சிலேயே பேசுவான், என்னோடு மட்டும் தமிழ். போன மாசம் பாய்ந்து முடித்துவிட்டு வியர்வை சொட்டச் சொட்ட என் தோளுக்கு மேல் குனிந்து நோட்டைப் பார்த்தான்.

“அண்ணா, பாரத்தை வலது காலில வச்சிட்டீங்கள். நான் இடது காலாலதான் உதைச்சனான்.”

“நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியும். காலுக்கு ஞாபகம் இருக்குது. திரும்பப் பாயட்டோ?”

திரும்பிப் போய் நின்றான். நான் புதுப் பக்கம் திருப்பினேன். பாய்ந்தான். இடது கால்தான்.

அன்றைக்குச் சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். அதற்கு முன்னால் அந்தச் சுவரில், இடுப்பு உயரத்தில், வருஷக்கணக்காகப் பாதங்கள் தொட்டுத் தொட்டு ரப்பர்க் கறுப்பு படிந்திருந்தது. தேய்ந்த பிறை வடிவத்தில் நூற்றுக்கணக்கான கீற்றுகள், ஒன்றன்மேல் ஒன்று. அவற்றில் சில என்னுடையவை. எல்லாம் வெள்ளைக்குக் கீழே போய்விட்டன. பையன் ப்ளான்ஷ் எடுத்து மேலே ஏறி உட்கார்ந்து, உள்ளங்கைச் சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டான். அவன் பாதம் தொட்ட இடத்தில் கறுப்பாக ஒரு கீற்று, இரண்டு அங்குலம் இருக்கும், மேல்நோக்கிக் கொஞ்சம் இழுபட்டிருந்தது. நான் எழுந்து போய் அதன் பக்கத்தில் நோட்டைப் பிடித்து, அதே நீளத்துக்கு அதை வரைந்துகொண்டேன்.